நிதானமாக எரிவது

பகலில் மருந்துக்கடை.
இரவில் கராஜில் மருந்து.
நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.
ஸ்மிதர்ஸில் இதை விளக்கிச் சொல்லி
ஒருவரையும் சிரிக்கவைக்க முடிந்ததில்லை.

பிப்ரவரி. ஹீட்டரை அணைத்துவிட்டேன்,
அதன் விசிறிக் காற்றுக்குத் தராசு ஆடுகிறது.
கையுறையில் விரல்நுனிகளை வெட்டியிருக்கிறேன்.
வாற்கோதுமை மணி ஒன்றின் எடைதான் இங்கே அலகு,
குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி.
சவரன் கணக்கில் போட்ட தாலிக்கொடியைப்
பிரின்ஸ் ஜார்ஜில் விற்றுத்தான்
இந்தத் துப்பாக்கி. அது வேறு கதை.

இந்த முறை கனத்த குண்டு.
போன அக்டோபரில்
இலேசானது மூஸின் தோளெலும்பில் பட்டுச் சிதறிவிட்டது.
இருட்டும்வரை வில்லோப் புதருக்குள்
ரத்தம் தேடி நடந்தோம், லோர்னும் நானும்.
கிடைத்தது.
கிடைக்கும்வரையிலான அந்த மூன்று மணி நேரத்தை
நாங்கள் எங்களுக்குள்கூடப் பேசிக்கொண்டதில்லை.

கனத்துக்கு அவசர மருந்து ஆகாது.
கனத்தைக் கண்டதும் அது பதறும்,
கையிலிருப்பதையெல்லாம் முதல் அங்குலத்திலேயே கொட்டித் தீர்க்கும்.
குண்டு இன்னும் அசைந்திருக்காது,
அதற்குள் பித்தளையின் அடிப்பக்கம் நசுங்கிப் பளபளக்கும்,
போல்ட் திறக்க மறுக்கும்.
(அத்தோடு போனால் அதிர்ஷ்டம்.)
மந்த மருந்து, நின்றுபோன லாரியைத் தள்ளுகிறவன் மாதிரி:
முதலில் தோளைக் கொடுப்பான்,
உருளத் தொடங்கிய பிறகும் கையை எடுக்காமல்
தெருமுனைவரை கூடவே ஓடுவான்.
அதற்காக ஒரேயடியாக மந்தமும் கூடாது.
குழல் முடிந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும்,
பனியில் ஒரு தீப்பந்து,
காசைக் கரியாக்கிய வெளிச்சம்.

டிசம்பரில் லோர்ன் இறந்தார்.
ஜனவரியில் டார்லீன் மூன்று பெட்டிகள் கொண்டுவந்தாள்.
அச்சுகள், பித்தளைக் கூடுகள், பாதி மெழுகுவர்த்தி,
அடியில் ஒரு டப்பா:
இரண்டு வருடமாக எந்தக் கடையிலும் இல்லாத மருந்தின் பெயர்.
மந்தமானது. நான் தேடியதேதான்.
மூடிமேல் ஒட்டுநாடாவில் அவர் கையெழுத்து:
‘இதுதான்.’

தட்டில் கொஞ்சம் கொட்டினேன்.
நறுக்கிய சேமியாத் துண்டுகளாக இருக்க வேண்டும்.
தட்டையான செதில்கள் விழுந்தன,
நடுவே எள் மாதிரி உருண்டைகளும்.
எதுதான், லோர்ன்?

காட்டில் அந்த ஆளின் பின்னால்
கண்ணை மூடிக்கொண்டு நடந்திருக்கிறேன்.
உறைந்த பல்க்லி ஆற்றின்மேல்கூட.
டப்பாவை மூடினேன், திறந்தேன்,
நாடாவை இன்னொரு முறை படித்தேன்.

பெயரில்லாத மாத்திரையோடு கவுண்டருக்கு வருகிறவர்களிடம்
வாரம் ஒருமுறையாவது சொல்கிறேன்:
உங்கள் கணவர் நம்பகமானவர்தான்,
இதை விழுங்க வேண்டாம்.

கதவைத் திறந்து
வேலியோரப் பனிமேல் நீளமாகத் தூவினேன்.
உப்புப் போடுகிறேன் என்று நினைத்து
எதிர்வீட்டுக்காரர் கையசைத்தார்.
மேசையில் இப்போது ஒரு மருந்தும் இல்லை.
கடையில் பெயர் எழுதிவைத்தேன்,
பதினேழாவது ஆள்.
மந்தமானது மெதுவாகத்தான் வரும்.

ஜூனில் டார்லீன் வந்தாள்.
புல்வெளி முழுக்க வெளிறிக் கிடக்க,
வேலியோரம் ஒரு கீற்று மட்டும்
கரும்பச்சை, முழங்கால் உயரம்.

என்ன உரம் போட்டாய்? என்றாள்.
லோர்ன், என்றேன்.

குனிந்தாள்.
ஒரு புல்லைக் கிள்ளி
முகர்ந்து பார்த்தாள்.