இரண்டே இருக்கை

வாரத்தில் ஐந்து நாள் நான் ஓட்டுவது
நீளமான கறுப்பு வண்டி.
மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்.
பின்னால் படுத்திருப்பவருக்கு அவசரம் இல்லை.
அவர் பின்னால் வருகிறவர்களும்
இல்லாததுபோல் நடக்க வேண்டும்.

ஆறாவது நாள் கொட்டகைக் கதவைத் தூக்குவேன்.
உள்ளே இருக்கிறது அது:
இடுப்புயரம், முப்பது வயது,
லெட்டர்கென்னிச் சந்தையில்
இரண்டு கறவை மாட்டுக்கு என்ன கேட்பார்களோ
அந்த விலை.
நிறம் சிவப்பு என்கிறது பதிவுப் புத்தகம்.
வெயில் பட்ட பக்கம் தக்காளி சூப்.

"மீதிக் கார் எப்போது வரும்?" என்றான்
என் தம்பி டெக்லன், முதல் நாள்.
இன்னும் அதையே கேட்கிறான்.

உட்கார வேண்டுமென்றால் இறங்க வேண்டும்,
இறங்க வேண்டுமென்றால் ஏற வேண்டும்.
முழங்காலுக்கு இந்தத் தத்துவம் பிடிக்கவில்லை.
பொத்தானை அழுத்தினால்
வலது விளக்கு டக்கென்று எழுந்து பார்க்கும்.
இடது விளக்கு
திங்கட்கிழமைப் பள்ளிப் பிள்ளை.
மூடியைத் திறந்து
ஒரு திருகைக் கையால் சுற்றிச் சுற்றித்தான்
எழுப்ப வேண்டும்.

கூரைத் துணி ஓரத்து வடிகால்
வருஷம் இரண்டு முறை அடைத்துக்கொள்ளும்.
புல்வெட்டும் எந்திரத்தின் நைலான் நரம்பை
உள்ளே விட்டுக் குடைந்தால்
கதவுக்கடியில் கொடகொடவென்று
போன மாதத்து மழை.
அந்த நரம்பைக் காசு வாங்காமல்
முழம் போட்டு வெட்டித் தருவார்
புல்வெட்டி ரிப்பேர்காரர் ஹ்யூயி மெக்ஃபாடன்.

பால் லாரி என்னை முந்திப் போகும்.
போகட்டும்.
வேகம் முள்ளில் இல்லை,
முதுகெலும்புக்கும் தாருக்கும் நடுவே
எத்தனை விரற்கடை என்பதில் இருக்கிறது.
எங்கள் ஊர் மலைக்குப் பேர் எரிகல்.
எரிந்து நான் பார்த்ததில்லை,
எந்நேரமும் ஈரம்.
அதன் அடிவார வளைவில் மூன்றாவது கியர்,
கரிமண் புகை வாசம்,
வேலிக்கு மேல் ஓர் ஆட்டின் முகம்,
அது எனக்குச் சமமான உயரத்தில்.

அக்டோபரில் ஹ்யூயியை நான்தான் ஓட்டிப் போனேன்.
பதினைந்து கிலோமீட்டர்.
அன்று மதியம் எனக்கு விடுப்பு.
கறுப்பு வண்டியை டெக்லன் திருப்பிக் கொண்டுபோக,
என்னுடையதைக் காலையிலேயே
கல்லறைச் சுவருக்குப் பின்னால்
திருடன்போல் ஒளித்து வைத்திருந்தேன்.

யூனா மெக்ஃபாடன் கண்டுபிடித்துவிட்டார்.
"இதில் எத்தனை பேர் போகலாம்?"
"இரண்டு பேர்."
அவர் திரும்பி, பெரிய காரில் காத்திருந்த
நாத்தனார் மூவருக்கும் கேட்கும்படி,
"இடமில்லையாம்" என்றார்.

மழை பிடித்தது. கூரையை இழுக்கக் கை நீட்டினேன்.
"கொஞ்சம் இருங்கள், மழை உள்ளே விழவில்லையே?"
எழுபதுக்கு மேல் போனால்
தலைக்கு மேலே போய்விடும் என்றேன்.
நிறுத்தினால்தான் நனைவோம்.
"அப்படியென்றால் நிறுத்தாதீர்கள்."

ஐந்து மைல் அவர் பேசவில்லை.
பிறகு, "பெல்ட் கத்துகிறது.
ஒரு பல் இறுக்க வேண்டும்."
சரி என்றேன்.
"அவர் சொல்லியிருப்பார். நான் சொன்னேன்."

பாலத்துக்கு முன்னால் சாலை வேலை.
சிவப்பு விளக்கு.
மொத்த மழையும் எங்களுக்காகவே காத்திருந்ததுபோல்
மடியில், காலணியில், கியர் குழிக்குள்.
யூனா குடையை விரித்தார்.
ஈமச் சடங்குக் குடை, பெரிய கறுப்பு;
என்னை மூடியது, அவரை மூடியது,
ஏறக்குறைய காரையே மூடியது.
கண்ணாடியில் பார்த்தேன்:
பின்னால் பெரிய கார்,
மூன்று நாத்தனார்கள்,
காய்ந்துபோய்.

பச்சை.
யூனா குடையை மடக்கவில்லை.

இரண்டாவது கியரிலேயே அது போய்விட்டது.
இப்போது எந்த வயலிலோ
கவிழ்ந்து கிடக்கும்,
ஆடொன்று ஒதுங்கும் அளவுக்கு.