ஈரப்பதம்

பெயரில்தான் தையல்.
தையல்நாயகிக்கு ஊசியில் நூல் கோக்கும்
பொறுமைகூடக் கிடையாது.
எங்கள் வீட்டில் தைப்பது நான்.

பகலெல்லாம் கோணி ஊசி.
கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ சிப்பத்தின் வாயை
சணல் போட்டு எட்டுத் தையலில் மூடுவேன்.
எண்ண வேண்டியதில்லை,
தோளுக்குத் தெரியும்.
ராத்திரி அதே கை
சின்ன ஊசியைப் பிடிக்கத் தடுமாறும்.
முதல் சாண் எப்போதும் கோணல்.
பிரிப்பதில்லை.

மேலே,
பொங்கலுக்கு ரேஷனில் வந்து
அவள் ஒருமுறை கட்டித் தூக்கிப்போட்ட சேலை,
மச்சானின் சிங்கப்பூர் கைலி
(உட்காரும் இடம் மட்டும் நைந்தது),
திருத்துறைப்பூண்டி மாநாட்டுக்குப் போன
என் சிவப்புத் துண்டு.
நடுவில்,
புயலடித்த வருஷம் லாரியில் வந்த போர்வை.
வரிசையில் நின்று வாங்கியதைப்
போர்த்திக்கொள்ளமாட்டேன் என்றாள்.
இரண்டு துணிக்கு உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன்.
இப்போது கண்ணுக்குத் தெரியாது,
சூடு மட்டும் வரும்.

முதலில் தைத்தது மகள் வாலன்டினாவுக்கு,
தஞ்சாவூர் நர்சிங் ஹாஸ்டலுக்கு.
‘அப்பா, ரூம்ல இன்னும் மூணு பேரு கேக்குறாங்க.’
துணியும் அவர்களே கொடுத்தனுப்பினார்கள்,
ஒன்றில் டிஞ்சர் வாசனை
துவைத்தும் போகவில்லை.

தங்கை வீட்டுக்காரர் தொடவேயில்லை.
கட்டி அவிழ்த்த துணியைப் போர்த்தினால்
தரித்திரமாம்.
நாய்க்குப் போட்டிருக்கிறார்.
நாய் நன்றாகத் தூங்குவதாகத்
தங்கை சொன்னாள்.

அப்புறம் பக்கிரிசாமிக்கு.

ஒன்பது மா குத்தகை.
பதினோரு ராத்திரியாகக் களத்தில்
நெல்லோடுதான் படுக்கை.
மீட்டர் பத்தொன்பதில் நிற்கிறது,
பதினேழுக்கு இறங்குவேனா என்கிறது.
தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள்.
தரையை விடுங்கள்,
அவன் முழங்காலைத் துளைத்தது.
ஆறடி ஆளுக்கு ஏழடியாக வெட்டினேன்,
காலை நீட்டினால் போதாமல் போகக்கூடாதென்று.

கொடுத்த மறுநாள் ராத்திரி மழை.
தையில் மழை வந்தால்
யாரைத் திட்டுவது?

விடிந்தும் விடியாமல் போனேன்.
வெறும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு
குத்துக்காலிட்டிருந்தான் பக்கிரிசாமி.
தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் எட்டியிருந்தது.
மீதியின்மேல் என் போர்வை,
குளத்திலிருந்து எழுந்து வந்த எருமை மாதிரி
கனத்துக் கிடந்தது.

கோபம் வந்தது. வராமல் என்ன.
இருபத்திரண்டு ராத்திரி வேலை.
‘நீ போத்திக்கத்தானய்யா தச்சேன்.’
‘நான் நனைஞ்சா காஞ்சுக்குவேன்’ என்றான்.

கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.
பிறகு ஒரு முனையை நான் பிடித்தேன்,
மறு முனையை அவன்.
எதிரெதிராக முறுக்கினோம்.
துண்டின் சாயம் இறங்கி
எங்கள் காலடியில் ஓடியது
வெற்றிலை எச்சில் நிறத்தில்.

‘எத்தன சிப்பம் தப்பிச்சுது?’
‘ஆறு. ஏழுகூட இருக்கும்.’

கோரையாற்றுப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில்
மூன்று நாள் காய்ந்தது.
பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.
நான்காம் நாள் உதறினால்
சிவப்புத் துண்டின் மடிப்பில்,
என் கோணல் தையலுக்குள் மாட்டிக்கொண்டு,
ஒரே ஒரு நெல்
வெள்ளையாய் மூக்கு நீட்டியிருந்தது.
தையல்நாயகி நகத்தால் கிள்ளிக்
கோழிக்குப் போட்டாள்.
அவளுக்கு எதற்கும் நேரமில்லை.

அந்தப் போர்வையை அவனிடமே கொடுத்தேன்.
இன்னும் களத்தில்தான் இருக்கிறான்,
மீட்டர் இப்போது இருபத்தொன்று.

அடுத்ததைப் பதினைந்தடிக்கு வெட்டியிருக்கிறேன்.
போன தடவை
ஆளைப் பார்த்து அளவெடுத்தது
என் தப்பு.