ஒன்பதரை மில்லிமீற்றர்

கலந்தர் ஹாஜியாரின் லெப்டொப்பைக் கவிழ்த்துத் திறந்தேன்.
காற்றாடிக்குள் உமி.
விசைப்பலகைக்கு அடியில் தவிடு, மூன்று நெல்மணி,
உயிரோடு ஒரு வண்டு.
அது மட்டும் நடந்து போய் மேசை விளிம்பில் நின்றது.
போர்ட் கருகிக் கிடந்தது.
இடி முழங்கிய அன்று ஆலையில்
ஒருத்தரும் வயரைக் கழற்றவில்லை.

"ஹாட் டிஸ்க் நல்லமெண்டா இதுக்குள்ள மாத்து மனே"
என்று கொழும்பிலிருந்து வந்த பழசொன்றை வைத்தார்.
வேறெங்கும் பிரதி கிடக்கா எண்டு கேட்டேன்.
"ஏழு வருசக் கொடுக்கல், எல்லாம் இதுக்குள்ளதான்.
வராட்டி என்ன செய்யிற?
எடுத்தவன் எல்லாருக்கும் ஹலால்."
சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.
சம்மாந்துறைச் சந்தியில் அந்த நேரம்
ஒரு நெல் லொறி பின்பக்கமாய் வந்துகொண்டிருந்தது.

டிஸ்க் ஒன்பதரை மில்லிமீற்றர் தடிப்பு.
புதியதின் வாய் ஏழுக்குத்தான்.
தகரச் சட்டத்தைக் கழற்றி, றப்பரைச் சீவி,
நாலு ஸ்குரூவில் இரண்டைக் கைவிட்டு
மெல்ல அழுத்தினேன். இடம் கொடுத்தது.
மூடி மட்டும் ஒரு மூலையில் எழும்பியே நின்றது.

முதலில் கறுப்பு.
உள்ளமைப்புக்குள் போய்ப் 'பழைய முறை' என்ற வரியைத் தெரிவு செய்தேன்.
பிறகும் கறுப்பு.
மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்தால்
புள்ளிகள் வட்டமாய் ஓடுகின்றன.
தான் உடம்பு மாறியது அதற்குத் தெரியாது.
எழுத்தெல்லாம் கொழுத்து, படம் அகன்று,
உம்றாவில் எடுத்த ஹாஜியாரின் முகம்
பூசணிக்காயாகிவிட்டது.
ஆலையின் வைபையைத் தேடித் தேடிப் பார்த்தது.
கிடைத்ததோ எதிர்ப் பாமசியும்
யாரோ ஒரு சறூக்கின் போனும்.

கோப்பு திறக்குதா எண்டு பார்ப்பது என் வேலை.
திறந்தது.
வேலை அதோடு முடிந்தது.
நான் கீழே போனேன்.

214. மல்வத்தை வட்டை. சீனிமுகம்மது நஜுமுதீன்.
பசளை இல்லாத போகத்தில் எடுத்தது.
அடுத்த போகத்தை வெள்ளம் அள்ளியது.
வட்டி என்று அவர் எழுதமாட்டார்,
'மூடை வித்தியாசம்' என்றுதான் எழுதுவார்.
மூன்று இலட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
வெளியே என் கடைப் பலகையில்
'நஜூ' என்று மட்டும் போட்டிருக்கு.

மேசை மூன்றடி உயரம்.
சுழலும்போது ஒருதரம் விழுந்தால் போதும்.
அழித்ததை ஆராவது மீட்பான்.
விழுந்ததை மீட்கக் கொழும்பிலும் கஷ்டம்.
கை தவறிற்று என்றால்
இந்த ஊரில் கேள்வி கேட்கத் தெரிந்த ஆள்
நான் ஒருவன்தான்.
213 ஒரு கைம்பெண். 215 என் மச்சான்.
இரண்டு பேரும் இந்நேரம் நித்திரை.
மூடியில் காதை வைத்தேன்.
உள்ளே யாரோ நெல் கொழிக்கிற சத்தம்,
மிகச் சிறியதாய்.
வண்டை மறந்தே போனேன், அது எங்கே போனதோ.

காலையில் வந்தார்.
சால்வையால் கதிரையைத் தட்டிவிட்டு இருந்தார்.
"வந்திட்டா?"
"வந்திட்டு."
"அல்ஹம்துலில்லாஹ். கூலி?"
"ரெண்டாயிரம்."
சட்டைப் பையைத் தொடவில்லை.
திரையையும் பார்க்கவில்லை.
"இருநூற்றிப் பதினாலுக்குப் போ" என்றார்.

போனேன்.
ஒற்றை விரலால் தானே அடித்தார்:
கழிவு 2000.
"இந்த முகத்தைப் பிறகொரு நாளைக்குச் சரியாக்கித் தா."
எழும்பி நின்ற மூடியின் மூலையை
உள்ளங்கையால் ஒருதரம் அழுத்திப் பார்த்து
எடுத்துக்கொண்டு போனார்.