இரண்டு நிலவுகளின் ஊரில் ரொட்டிக் கணக்கு

லூகோவில் நவம்பர் மழை
யாரையும் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை.
மூன்றாம் மாடி, எலும்பு முறிவுப் பிரிவு,
இரவுப் பணி எனக்கு.
மருந்து வண்டியின் கீழ்த்தட்டில்
பஞ்சுக்கும் கையுறைக்கும் நடுவே
எழுநூறு பக்கத்தில் ஒரு கோட்டை நகரம்
முற்றுகையில் கிடக்கிறது.

அட்டையில் ஒரு டிராகன் நெருப்பைக் கக்குகிறது.
உள்ளே அது இரண்டே முறை வருகிறது,
இரண்டு முறையும் தூரத்தில்.
அதற்காகத்தான் வாங்கினேனோ என்னவோ,
இப்போது நினைவில்லை.
நினைவில் இருப்பவன் இத்ரோம்,
ரொட்டிக் கிடங்கின் கணக்கன்.
இடது பாதத்தில் கால் ஆணி.
எண்ணும்போது உதடு அசையும்.

அந்த ஊருக்கு இரண்டு நிலவு.
அந்த ஊரில் பொய் சொன்னவனின் நிழல்
விளக்கை நோக்கி விழும்.
அவ்வளவுதான் மாயம்.
மற்றதெல்லாம் பசி.

ஒவ்வொரு ரொட்டியிலும்
நகக்கண் அளவு மாவைக் குறைக்கிறான் இத்ரோம்.
யாருக்காக என்று
நூறு பக்கம் வரை சொல்வதில்லை.
அன்றிலிருந்து விளக்கில்லாமல் நடக்கிறான்.
நிழல் காலடியில் சுருண்டுகிடக்கும்
உச்சிவேளையில் மட்டும் சந்தைக்குப் போகிறான்.
நிலவு இரண்டும் ஏறிய ஓர் இரவில்
ஒரு நிழல் ஒழுங்காகப் பின்னே வர
இன்னொன்று ஒளியைப் பார்த்து நீள்கிறது.
பாதிப் பொய்க்கு ஒரு நிழல்தான் திரும்பும்போல.
மதில்மேல் நின்ற காவல் தலைவி
அதைக் கண்டாள்.
தன் கைவிளக்கை ஊதி அணைத்தாள்.

இரக்கமா,
அவளுக்கும் மறைக்க ஏதாவது இருந்ததா?
தாழ்வாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு
நான் நின்றுகொண்டிருந்தேன்.
ஐந்தாம் அறையில் மணி அடித்து ஓய்ந்தது.

பள்ளியில் முற்றுகைகளை
ஆண்டுகளாகப் படித்தோம்.
செல்சா டீச்சர் கரும்பலகையில்
இறந்தோர் தொகைக்குப் பூஜ்யம் போடும்போது
சாக்பீஸ் கீச்சிடும், பல் கூசும்.
அந்தப் பூஜ்யங்களில் ஒருவனுக்காவது
கால் ஆணி இருந்திருக்குமென்று
எனக்குத் தோன்றியதே இல்லை.

இந்த நகரத்தை எங்கிருந்து எடுத்தார்கள்
என்பது தெரியாமல் இல்லை.
துறைமுகத்துச் சங்கிலி, அடுக்கு மதில்,
சம்பளம் கேட்டு முணுமுணுக்கும் கூலிப்படை.
அந்தப் பழைய ஊர் விழுந்துவிட்டது,
அதற்குத் தேதியே இருக்கிறது.
பெயரை மாற்றி ஒரு நிலவைக் கூட்டியிருக்கிறார்கள்.
கூட்டிய அந்த நிலவின் வெளிச்சத்தில்
விழாமலும் போகலாம் அல்லவா?

பதினான்காம் கட்டில் எலாதியோ
பால் லாரி ஓட்டியவர்,
இடுப்பெலும்பு உடைந்து தூக்கம் தொலைத்தவர்.
"என்ன அது, பைபிள் தடிமனில்?"
வாசித்துக் காட்டினேன்.
டிராகன் வந்தால் பல் செட்டைக் கழற்றிவைப்பார்.
இத்ரோம் வந்தால் மாட்டிக்கொள்வார்.
"திருட்டுப் பயல்தான்,
ஆனால் கணக்கில் சுத்தம்" என்றார் ஒருநாள்.
"நான்கூட ஒரு குளிர்காலத்தில், பாலில்..."
என்று தொடங்கி
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
நான் அடுத்த வரிக்குப் போனேன்.

அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
ஊன்றுகோலோடு, மாத்திரைச் சீட்டோடு,
முடிவு தெரியாமல்.

மீதியை மறுநாள் தனியே முடித்தேன்.
அறுநூற்று எண்பத்தெட்டில் கதவு திறக்கிறது.
திறந்தது யாரென்று சொல்லமாட்டேன்.
கொஞ்ச நேரம் கைகழுவும் தொட்டியருகே நின்றேன்.
பிறகு நாற்பதாம் பக்கத்துக்குத் திரும்பினேன்.
அங்கே கிடங்கில் இன்னும் கோதுமை இருக்கிறது,
இத்ரோமுக்கு இன்னும் ஒரே திசையில் நிழல்.

மூன்று மணிக்கு வார்டு போன் அடித்தது.
"சபேலா, நான்தான்.
ஊர் விழுந்துவிட்டதா?"
மழை கேட்டது, அவர் பக்கமும்.

"இன்னும் இல்லை."

"நல்லது. அவன்?"

"எண்ணிக்கொண்டிருக்கிறான்."

போனை வைத்துவிட்டு
குழல்விளக்கின் கீழே
தரையைப் பார்த்தேன்.