பேப்பரில் சுற்றித் தருவது

சனிக்கிழமை சம்பளம்.
பல்லடம் ரோட்டில் கம்பெனி வேன்கள்
ஆளை இறக்கிவிட்டுப் போனபின்
பத்தே முக்காலுக்கு மேல்தான்
எங்கள் மருந்துக்கடைக்கு வாலிபம் வரும்.
தலையெல்லாம் பனியன் பஞ்சு.
இருபத்து மூன்று வயதில்
காதோரம் நரைத்ததுபோல் இருக்கும்.

பூபேஷ் வந்தான். பிளாட்லாக் டெய்லர்.
ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்த முதுகு.
"அந்த வலி மாத்திரை ஒரு அட்டைங்க்கா."
ரோட்டுக்கே கேட்டது.
சீட்டு இருக்குதுங்களா என்றேன்.
வலிக்கு எதுக்குங்க சீட்டு என்றான்.
வலிக்கு இல்லையென்று
அவனுக்கும் தெரியும், எனக்கும்.
"நீங்க தரலீன்னா
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால தர்றானுங்க.
வெலதான் மூணு மடங்கு."
கோபம்கூட இல்லை,
தக்காளி விலை சொல்கிற குரல்.

போகாமல் நின்றான்.
கண் என் தோளைத் தாண்டி
சத்துமாவு டப்பாக்களுக்குப் பின்னால்
முதலாளி ஒளித்துவைத்த வரிசைவரை போய்த்
திரும்பி வந்தது.
"அப்பறம்... அது..."
அதற்குள் அவன் லைன் வீட்டு ஓனர்
பிரஷர் மாத்திரைக்கு வந்து நின்றார்.
"இருமல் மிட்டாய் ஒண்ணு குடுங்க்கா."
ரெண்டு ரூபாய்.
வெளியே வண்டியில்
துப்பட்டாவால் முகம் மூடி ஒருத்தி.
சுற்றித் தர நான் கிழித்த பேப்பர்
கையிலேயே இருந்தது.
அதில் ஏதோ கல்யாண மண்டப விளம்பரம்.

ஞாயிறு.
கடையைக் கூட்டி முடிக்கவில்லை,
அதே துப்பட்டா. மஞ்சளில் கறுப்புப் புள்ளி.
செக்கிங்கில் வேலை, அந்தியூர்ப் பக்கம் ஊர்.
மடித்த சீட்டை நீட்டினாள்.
எழுத்துக்கூட்டி எழுதிய மாத்திரைப் பெயர்.

எத்தனை மணிக்கு என்றேன்.
"நெனவில்லீங்க்கா."
அவர் ஏதாவது போட்டிருந்தாரா.
"அவனுக்கும் நெனவில்லீங்க.
நானுந்தானுங் குடிச்சேன்."
சொல்லிவிட்டு
எடை பார்க்கும் மிஷினைப் பார்த்தாள்.

இது வயித்துக்கு மட்டுந்தான் அம்மணி.
ரத்தத்துக்கு இது காவலில்லை.
பெரியாஸ்பத்திரியில நம்பிக்கை மையம் இருக்குது,
காசில்லை, பேர் வெளியே போகாது.
நாளைக்கே போ,
மூணு நாள் தாண்டுனா
தடுக்கற மருந்து வேலைக்காகாது.
அவனையும் இழுத்துட்டுப் போ.

"இதெல்லாம் படிச்சீங்களாக்கா?"

டி.பார்ம் படித்தவள்தான்.
அந்த நீல பெஞ்சு பாடத்தில் இல்லை.
கோயமுத்தூரில் இரண்டாம் வருஷம்,
யாருக்கோ பிறந்தநாள்,
ஆனைகட்டி போகிற வழியில் வாடகை வீடு,
டம்ளரை எண்ணுவதை நான் நிறுத்தியபின்
என்னென்ன நடந்தது என்பதை
மறுநாள் செருப்பு கிடந்த இடத்தை வைத்துக்
கணக்குப் போட்டேன்.
ஆள் யாரென்று கேட்ட கவுன்சிலரிடம்
பாதிப் பேர்தான் சொன்னேன்.
மீதி எனக்கே தெரியாது.
முடிவு வரும்வரை நாற்பது நிமிடம்
சுவரிலிருந்த சிவப்பு ரிப்பனை
மனதுக்குள் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

"போயிருக்கேன்" என்றேன்.
பக்கத்துக் கடை ஷட்டர் ஏறிய சத்தத்தில்
கேட்டதோ இல்லையோ.
மீதிச் சில்லறையை எடுக்காமல் நின்றாள்.
பிறகு,
"எந்தப் பக்கம் படியேறோணுங்க்கா?"

பேப்பரில் சுற்றவில்லை.
அப்படியே கொடுத்தேன்.
உள்ளங்கையில் மூடிக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானமே
டப்பாக்களுக்குப் பின்னாலிருந்த வரிசையை
பில் மிஷின் பக்கத்தில் எடுத்து வைத்தேன்.
பொழுதோட வந்த முதலாளி
பழையபடி உள்ளே தள்ளினார்:
"குடும்பம் வர்ற கடை அம்மணி."
குடும்பத்துக்குந்தானுங்க என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
திங்கள் எடுத்து வைத்தேன், செவ்வாய் தள்ளினார்.
வியாழன் எடுத்தேன்.
இன்னும் பார்க்கவில்லை.

இன்று சனிக்கிழமை, பத்தே முக்கால்.
வேன்கள் போய்விட்டன.
பூபேஷின் வண்டி மாதிரியே ஒரு சத்தம்.
வேகம் குறைகிற மாதிரித்தான் இருக்கிறது.