ஆறு மாத அவகாசம்

மார்ச் கடைசியில் அறிவித்தார்கள்:
தகுதிச் சோதனைக்கு வரவேண்டிய கார்களுக்கு
ஆறு மாதம் அவகாசம்.
ட்ரெகாரன் ஊரில் என்னைத் தவிர
எல்லாருக்கும் நிம்மதி.
லிஃப்டை இறக்கி, விளக்கணைத்து,
வீட்டில் ரொட்டி சுடப் பழகினேன்.
மூன்று முறை கல்.

வரிக்கு மட்டும் அவகாசம் இல்லை.
கொட்டகையில் கோழி அடைகாத்த லேண்ட் ரோவருக்கும்
கட்டத்தான் வேண்டும்.
இல்லையென்றால், இது சாலையில் ஓடாது என்று
எழுதிக் கொடுத்துவிட்டு
ஓட்டாமலும் இருக்க வேண்டும்.
எழுதிக் கொடுப்பது எல்லாராலும் முடிந்தது.

அவகாசம் இருந்தும் ஜூனில் வந்தவள் நெஸ்டா.
வீடு வீடாகப் போய்
படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுகிறவள்.
"சத்தம் போடுது" என்றாள்
முற்றத்தின் அந்தப் பக்கம் நின்று.
சாவி ஒரு உறைக்குள்,
அந்த உறை இன்னொரு உறைக்குள்.
சக்கரத்தைக் கழற்றினேன்.
பிரேக் கட்டை என்று அங்கே எதுவும் மிச்சமில்லை,
இரும்பை இரும்பு தின்றுகொண்டிருந்தது.
ஏட்டுச் சுரைக்காய்.
கணினியைக் கேட்டால் அது
நவம்பர் பத்தொன்பது வரை நல்ல கார்.

புகைக்குழாயில் கருவியைச் செருகினால்
எண்கள் ஏறும், தடுமாறும், நிற்கும்.
அந்த ஆண்டு ஊரே மூச்சைப் பற்றித்தான் பேசியது.
நான் அளந்தவரை
கார்களுக்கு அதில் குறையில்லை.

இத்வாலின் தேதி ஏப்ரல் எட்டு.
பத்து நாள் முன்னதாகவே வந்து
மழையில் கூட வெளியில் நின்று
டயரை எட்டிப் பார்க்கிற ஆள்.
அவருடைய ஹோண்டா ஜாஸுக்கு
அக்டோபர் எட்டு வரை கொடுத்திருந்தார்கள்.
எண்பலகைக்குக் கொடுத்தது,
ஆளுக்கு அல்ல.

மெரெரித் தொலைபேசியில் சொன்னாள்:
இறப்பை ஓர் அலுவலகத்தில் சொன்னேன்,
எல்லா அலுவலகத்துக்கும் தெரிந்துவிட்டது.
மிச்ச மாதங்களின் வரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.
அவள் "மிச்ச மாதங்கள்" என்றபோது
பின்னால் ஒரு கெட்டில் கத்திக்கொண்டே இருந்தது,
யாரும் அணைக்கவில்லை.

இழுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.
பேட்டரி செத்திருந்தது.
ஒரே இடத்தில் நின்று நின்று
டயரின் அடி தட்டையாகியிருந்தது.
கதவோரம் என் கையெழுத்தில் ஒரு சீட்டு:
மார்ச் பதினொன்று, எண்ணெய் மாற்றியது, 61,408.
முகப்பில் இப்போது 61,442.

முப்பத்து நான்கு மைல்.
அபரிஸ்ட்வித் ஆஸ்பத்திரிக்குப் பதினேழு.
திரும்பப் பதினேழு.
போகும்போது அவரே ஓட்டியிருக்கிறார்.
இருக்கை முன்னால் இழுக்கப்பட்டிருந்தது.
இத்வால் ஆறடி இரண்டு அங்குலம்.
வரும்போது ஓட்டியவர் மருமகன், குட்டை.
பெடலை அழுத்த நானும் உட்கார வேண்டும்,
இருக்கையைப் பின்னால் தள்ளாமல்
முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்தேன்.
ஏனென்று கேட்காதீர்கள்,
சோதனைப் பட்டியலில் அது இல்லை.

விளக்குகள் சரி. பெல்ட் சரி. ஹாரன் சரி.
நாற்பத்தாறாம் நிமிடம் சான்றிதழ் வந்தது,
முழுசாக ஓராண்டுக்கு.
கீழே குறிப்புரைக்கான கட்டத்தில்
தட்டச்சு செய்தேன்:
பிரேக் தட்டில் மேல்துரு.

மெரெரித் ஓட்டத் தெரியாதவள்.
அண்டை வீட்டாரின் வேனிலிருந்து இறங்கி
தாளை அங்கேயே நின்று படித்தாள், இரண்டு தடவை.
"இந்தத் துரு?"
"ஓட்டினால் தானாகப் போய்விடும்."
"யார் ஓட்டினால்?"

என் வாய் முகக்கவசத்துக்குள் இருந்தது.
அவள் வாயும்.
பின்னால் நெஸ்டா ஹாரன் அடித்தாள்,
அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதாம்,
இடப்பக்க விளக்கு எரியவில்லையாம்.