கட்டைவிரல்

பாளையங்கோட்டையில், மார்க்கெட்டுக்குப் பின்தெருவில்
இருபத்தாறு கட்டில் உள்ள இல்லம்.
சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான்:
மோட்டார் அறைக்கும்
துணி காயும் கொடிக்கும் நடுவில்.
ஏழரை மணிக்கு ஒவ்வொரு சக்கர நாற்காலியாக
அங்கே தள்ளிக்கொண்டு போவேன்.

டேப்லெட்டைப் பிடிக்கிற வேலை எனக்கு.
மிதித்தேயிராத வீடுகளை அறிவேன்:
மஸ்கட்டில் யார் குக்கர் ஆவி கசியும்,
ஓசூரில் எந்த மருமகள்
திரைக்கு வெளியே நின்றே பதில் சொல்வாள்,
"அடுத்த மாசம் வாரேன்" என்கையில்
யார் கேமராவைப் பார்ப்பதில்லை.
அவர்களுக்கு என்னில் தெரிவது
படத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல்.

ஆறாம் கட்டில், பேச்சிமுத்து.
பாபநாசம் வண்டியில் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டர்.
இப்போது பேரில் மட்டும்தான் பேச்சு.
வலது பக்கம் உறங்கிவிட்டது.
மகள் உலகம்மாள் குவைத்தில் நர்ஸ்.
யாருக்கோ டியூப் மாற்றிவிட்டு
கையுறை கழற்றிய ஈரத்தோடு திரைக்கு வருவாள்.

முதல் மாதமெல்லாம் "யப்பா, யப்பா" என்பாள்.
அவர் மோட்டார் அறையைப் பார்ப்பார்.
ஒருநாள் என்ன தோன்றியதோ,
"பத்தமடை எறங்குறவங்க முன்னால வாங்க"
என்று குரல் கொடுத்தாள்.
கழுத்து நிமிர்ந்தது.
இடது கை சட்டைப்பையைத் துழாவியது.
மறுவாரம் கூரியரில் ஒரு விசில் வந்தது.

பாதிக் காற்று வாயோரம் ஒழுகிப்போகும்.
இருந்தாலும் சேரன்மாதேவிக்கு ஒன்று, நிற்க.
ரெண்டு, போகலாம்.
வீரவநல்லூர். கல்லிடை.
அம்பையில் டீக்கு நிறுத்துவார்கள்.
"அந்த ஊதலை நிறுத்தச் சொல்லுட்டி"
என்பாள் கொடிக்கு அந்தப் பக்கம் சவரியம்மா,
டிக்கெட் எடுக்காத பயணி.

நேற்று உலகம்மாளின் இடைவேளை முடிந்துவிட்டது.
"வைக்கட்டாப்பா?"
ஒரு விசில்.
சிவப்புப் பொத்தானுக்குப் போன விரலை
எடுத்துக்கொண்டேன்.
அங்கே யாரோ அவள் பேரைக் கூப்பிட்டார்கள்.
"யப்பா, நேரமாயிட்டுல்லா."
ஒரு விசில்.
ஸ்டாப்பே இல்லாத இடத்தில் நின்றது வண்டி.
கொடியில் போர்வை சொட்டிக்கொண்டிருந்தது.
யாரும் எதுவும் பேசவில்லை.

அப்புறம் அவள் திரைக்கு நெருங்கி வந்தாள்.
"எக்கா, வெரல்ல என்ன கட்டு?"

காய் நறுக்கையில் பட்டது, என்றேன்.
மூன்று நாளாய் அந்தக் கட்டோடுதான்
எத்தனையோ வாய்க்குச் சோறு ஊட்டுகிறேன்.
"நனைய விடாதீய. ஊசி போட்டியளா?"

நான் பதில் தேடுவதற்குள்
ரெண்டு விசில்.
அவர் அவசரம் அவருக்கு.